சாட்சித் துவக்கு

அவர் எதையும் தனியாகப் பார்த்ததில்லை. ஒன்றைக் கையில் எடுத்தால் அவருடைய கண் உடனே இன்னொன்றைத் தேடும். மாம்பழம் வாங்கினால் இரண்டு கடைகளில் வாங்குவார். அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் போனால் இரண்டு கோப்பைகளில் இரண்டு தேயிலை வரும். எது திறம் என்று சொன்னால்தான் விடுவார். கல்யாண வீட்டில் றோல்ஸைக் கடித்துவிட்டுப் பெண்ணின் தகப்பனிடமே, "போன கிழமை துன் ரவுணில நடந்த கலியாணத்தில இதைவிடக் கொஞ்சம் உறைப்பு" என்பார். அந்த மனிதரின் முகம் மாறுவதைக் கண்டால், "நான் குறை சொல்லேல்லை, ஒப்பிட்டனான்" என்பார். நல்லது, கூடாதது என்ற சொற்கள் அவரிடம் இருக்கவில்லை. இதைவிட அது, அதைவிட இது. அவ்வளவுதான்.

"தனிய வைச்சா எல்லாம் திறம்தான் ஐசே" என்று அடிக்கடி சொல்வார். யாரையும் ஐசே என்றுதான் கூப்பிடுவார்.

சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவர் முதலாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. நிலக்கீழ்த் தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்களுக்கு வியாழன். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். நான் ஆற்றங்கரையில் இருந்த ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வியாழன் எனக்கு ஓய்வு நாள் என்பதால் உடுப்புத் தோய்ப்பது என் வேலை. அந்த அறைக்குப் பக்கத்து அறை அவருடையது. அதைப் பட்டறையாக்கி வைத்திருந்தார்.

முதல் நாள் கதவில் சாய்ந்துகொண்டு என்னுடைய சவர்க்காரத் தூளைப் பார்த்தார்.

"உது என்ன விலைக்கு வாங்கினனீர்?"

சொன்னேன்.

"எவடம் ஊரிலை?"

"மட்டக்களப்புப் பக்கம் அண்ணை."

"யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் என்ன வித்தியாசம் தெரியுமோ?"

நான் தலை குனிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்பது எனக்குப் பழக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாய் திறக்கவும் கூச்சம்.

"தயிர்" என்றார். "எங்கட ஆக்கள் எவ்வளவு துள்ளினாலும் உங்கட எருமைத் தயிருக்குக் கிட்ட நிக்கேலாது."

அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் வெகு காலத்துக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து, ஒரு மெசின் தொழிற்சாலையில் சேர்ந்து, குடியுரிமையும் எடுத்தவர். குடியுரிமை கிடைத்ததும் மற்றவர்கள் செய்வது போல ஊருக்குப் போகவில்லை. இங்கே இருந்த குறிசுடுதல் கழகத்தில் சேர்ந்தார். நம்மவர்கள் அதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் கதைத்தார்கள். "உவருக்கு இன்னும் துவக்கு ஆசை விடேல்லை" என்றார்கள். ஆனால் ஊரில் அவர் துவக்கைத் தொட்டதே இல்லை. சுடுவதிலும் அவருக்குப் பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சுட்டால்தான் எது எதைவிட மேல் என்று தெரியும், அதனால் சுட்டார்.

அவரிடம் இரண்டு துவக்குகள் இருந்தன. இரண்டும் லீவர் வகை. விசையைச் சுற்றி, விரல்கள் நுழைகிற ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெறும் கோது வெளியே விழும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போகும். கழகத்தில் மற்றவர்கள் இராணுவத் துவக்கோடு குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்து இலக்கைச் சுடுவார்கள். இவரும் இன்னும் சிலரும் மட்டும் கிட்டத்து இலக்கை நின்றபடி இந்த லீவர் துவக்கால் சுடுவார்கள். இதற்கு நீளத் தோட்டா போடுவதில்லை. றிவோல்வருக்குப் போடுகிற கட்டையான, மொட்டைத் தலைத் தோட்டாதான்.

"அந்தக் காலத்துக் குதிரைக்காரர் இடுப்பிலை இருக்கிறதுக்கும் தோளிலை இருக்கிறதுக்கும் ஒரே தோட்டாதான் வைச்சிருந்தவங்கள்" என்று எனக்கு விளக்கினார். "ஒரு பை காணும். வசதி. ஆனால் தோட்டா கட்டை எண்டபடியால் உள்ளுக்கை ஏறேக்கை தலை விளிம்பிலை இடிக்கும். அந்த இடிதான் ஐசே என்ர வில்லங்கம்."

ஒரு துவக்கு இத்தாலியில் செய்தது. மரம் கருந்தேன் நிறத்தில் பளபளக்கும். லீவரோ இறுக்கம். மற்றது அமெரிக்காவில் செய்தது. அசைத்தால் கிலுகிலுக்கும். மரமும் சாதாரணம். ஆனால் லீவர் எண்ணெயில் நழுவுவது போலப் போகும். இந்த இத்தாலிக்காரனை அந்த அமெரிக்கன் போல ஆக்கிக் காட்டுவேன் என்று அவர் கழகத்தில் ஒருவரோடு பந்தயம் பிடிக்காத குறையாக நின்றார்.

அவர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு முறையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார். ஒரு விளிம்பை மெல்லிய மணல்தாளால் தேய்ப்பார், அல்லது ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவார். அதுவும் ஒரு துவக்கில்தான். மற்றதைத் தொடமாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மரத் தாங்கியில் கிடத்தி, விமான நிலையத்துக்குப் போக முதல் நாங்கள் பெட்டி நிறுக்கிற கைத்தராசை லீவரில் கொழுவி இழுத்துப் பார்ப்பார்.

"ரெண்டையும் ஒண்டாத் திருத்தினால், திருந்தினதோ கெட்டதோ எண்டு ஆர் சொல்லுறது? ஒண்டு சும்மா கிடக்க வேணும். அது சாட்சி."

ஆனால் தராசை அவர் முழுதாக நம்பவில்லை. தராசு பாரத்தைச் சொல்லும், சொரசொரப்பைச் சொல்லாது என்பார். தன் கையையும் நம்பவில்லை. "பழகின கை பொய் சொல்லும். தான் செய்த வேலையைத் தானே மெச்சும்" என்றார். ஒரு வியாழக்கிழமை, நான் ஈரத் துணிகளோடு நின்றபோது, "ஐசே, கையைத் துடைச்சிட்டு இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டார்.

"இதைப் பிடியும். வெறும் துவக்கு, பாரும், உள்ளுக்கை ஒண்டுமில்லை. கண்ணை மூடும். லீவரை மெல்லத் தள்ளி இழும். இப்ப மற்றதை எடும். எது லேசு?"

"ரெண்டாவது அண்ணை."

"எவடத்திலை லேசு? தள்ளேக்கையோ, இழுக்கேக்கையோ?"

"இழுக்கக்குள்ள. முதலாவது கடைசியில கொஞ்சம் மண் மாதிரி நெருடுது."

அவர் முகம் மலர்ந்தது. "மண் மாதிரி" என்று திருப்பிச் சொன்னார். அடுத்த கிழமை அந்த நெருடலைத் தேடிப் பிடித்துத் தேய்த்து வைத்திருந்தார். மறுபடி என் கையில் தந்தார். அந்த வருடம் முழுக்க வியாழக்கிழமைகளில் உடுப்பு மெசினில் சுற்ற, நான் கண்ணை மூடிக்கொண்டு லீவரை இழுத்தேன். இந்த நாட்டில் அதுவரை யாரும் என்னிடம் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. கோப்பை கழுவுகிறவனிடம் யார் கேட்பார்கள்?

என் மனைவிதான் பயந்தாள். "அந்தாளோட உங்களுக்கு என்ன வேல? நம்மட ஆக்கள் துவக்கில கை வைக்கப்படாதாம். வேலையில கதைச்சவங்க."

அது உண்மை. சில நாட்டுக் குடிமக்கள் இங்கே துவக்கு வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. அந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. நான் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தேன். அவரிடம் கேட்டேன்.

"சட்டம் எனக்குத் தெரியும். சுடுறதுதான் பிழை. லீவர் இழுக்கிறது வாளி தூக்கிற மாதிரி. என்னை நம்பும்" என்றார்.

நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

அந்த நேரம் என்னுடைய குடியுரிமை விண்ணப்பம் இங்கத்து நகர அலுவலகத்தில் இருந்தது. மற்றவர்களுக்கு அது பெருமைக்குரிய விஷயமாக இருக்கலாம். எனக்கு அது அக்காவிடம் போகிற வழி. அக்கா டொரொன்டோவில் இருந்தா. சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். அம்மா இல்லாத என்னை வளர்த்தது அவதான். கிராமத்தை விட்டு ஓடினபோது என்னைத் தோளில் சுமந்துகொண்டு முகாமுக்கு நடந்தவ. கனடாவுக்கு நான் இரண்டு தரம் விசா கேட்டேன். இரண்டு தரமும் இல்லை என்றார்கள். சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அக்கா கேட்பா: "இன்னும் தரல்லியாடா தம்பி?" நான், "கடைசிக் கட்டம் அக்கா" என்பேன். "அவசரமில்ல. நான் எங்க போகப்போறன்" என்பா.

இது அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டடத்தில் நான் சொன்னது அவருக்கு மட்டும்தான்.

கோடை முடிகிற நேரம் இத்தாலிக்காரன் கிட்டத்தட்ட அமெரிக்கன் போல ஆகிவிட்டான். கழகத்தில் அதை நம்பாத அந்த ஒருவருக்குக் காட்ட அவர் தொலைபேசியை மேசையில் நிறுத்தி வீடியோ எடுத்தார். லீவரின் சத்தம்தான் அவருக்கு முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு துவக்கையும் மாறி மாறி இழுத்தது நான். பின்னால் அவருடைய குரல்: "மெல்ல. ஓம். இப்ப மற்றதை எடும்." அதைக் கழகத்தாரின் தொலைபேசிக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். என் முகத்தை வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் அந்த வீடியோவில் என்னைப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டு லீவர்களைத்தான் பார்த்திருப்பார்.

கழகத்தில் இருந்த முதியவர் ஒருவர் ஊரின் குடியுரிமைக் குழுவிலும் இருந்தார். அவர் என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணையையும் என்னையும் வரச் சொன்னார்கள்.

போகும் வழியில் அவர் நிறையக் கதைத்தார். இந்த அலுவலகத்தின் கதவுக்கும் தொழிற்சாலையின் கதவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அண்ணை, நீங்கதான் என்ர கையில தந்தீங்க எண்டு சொல்லுவீங்கதானே?"

"பாப்பம். என்ன கேக்கினம் எண்டு பாப்பம்" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரியும் அந்த முதியவரும். அந்தப் பெண் கடுமையானவர் அல்ல. எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு வீடியோவை ஓடவிட்டார். அதில் நான் கண்ணை மூடியபடி நின்றேன். தமிழ்க் குரல் கேட்டது. அந்தப் பெண் அண்ணையின் பக்கம் திரும்பி, "இந்த இடத்தில் நீங்கள் இவரிடம் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அண்ணை மேசையைப் பார்த்தபடி தெளிவான ஜெர்மனில் சொன்னார்: "அதைக் கீழே வை என்று சொல்கிறேன். சத்தத்தைப் பதிவு செய்யத் தொலைபேசியை வைத்துவிட்டு மேலே போயிருந்தேன். திரும்பி வந்தபோது இவர் கையில் இருந்தது."

என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். ஆனாலும் அது விளங்கியது. கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லவே நடுங்குகிற நான், அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"இல்லை. மற்றதை எடு என்கிறார். அவர்தான் தந்தார்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் அழகாக ஜெர்மன் பேசுகிற, தொழிற்சாலையில் நல்ல பெயர் உள்ள, கழகத்து மனிதர். மறு பக்கம் நான். யாரை நம்புவது என்று அந்தப் பெண் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பதிவை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு மாதங்கள் ஆகும், அதுவரை என் விண்ணப்பம் அப்படியே நிற்கும் என்றார். அந்த முதியவர் அண்ணைக்கு மட்டும் கைகொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் வைத்துக் கேட்டேன். "ஏன் அண்ணை?"

அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. பட்டறையில் இருந்து கதைப்பது போலவே கதைத்தார்.

"உண்மையைச் சொன்னால் இண்டைக்கே என்ர அனுமதியை எடுத்துப்போடுவினம். துவக்கு ரெண்டும் போயிடும். போனால் பிறகு வராது. உமக்கு அப்பிடியில்லை. தள்ளித்தான் போகும், இல்லாமல் போகாது. ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பார்த்தனான்."

"மொழிபெயர்ப்பு வந்தா எப்படியும் தெரியும்தானே."

"வரட்டும். அதுக்கிடையிலை கழகப் போட்டி முடிஞ்சிடும்."

"அக்கா..."

"பேர்ணிலை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த மெசினிலை எத்தினையோ வருசமா இருக்கிறார். வேலைக்கும் போறார் ஐசே. உம்மட அக்கா அவரைவிட வயது குறைவுதானே?"

நான் அவரை விட்டுவிட்டுத் தனியே வீட்டுக்கு நடந்தேன். உடுப்புத் தோய்க்கும் நாளை மனைவி வேறொரு வீட்டோடு மாற்றிக்கொண்டாள்.

இலையுதிர்காலப் போட்டிக்கு அவர் இத்தாலித் துவக்கோடு போனார். அங்கே நடந்ததை அவருடைய மனைவி என் மனைவிக்குச் சொன்னா. லீவர் அமெரிக்கனைவிட லேசாக இருந்ததாம். அது போதாது என்று கடைசி நேரத்தில் உள்ளே தோட்டாவை அடிக்கிற பகுதியின் ஸ்பிரிங்கையும் இன்னும் மெல்லியதாக மாற்றியிருக்கிறார். விசையை இழுக்க, அடி விழுந்தது. வெடிக்கவில்லை. லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். அதுவும் வெடிக்கவில்லை. தோட்டாவை வெடிக்க வைக்கிற பலத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார். கழகத்தார் சிரிக்கவில்லையாம். தோளில் தட்டி, பரவாயில்லை என்றார்களாம். அவருக்கு அதுதான் பெரிய அடியாம்.

இதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேனா என்றால், இல்லை. அந்தக் கிழமை அக்காவின் நெஞ்சில் நீர் கட்டியிருந்தது.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வீடியோவில் அழைத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்தான். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தா. "வந்திட்டியா?" என்றா. நான் தொலைபேசியில்தான் நிற்கிறேன் என்று அவவுக்குத் தெரியவில்லை. "ஓம் அக்கா" என்றேன். வேறென்ன சொல்வது? மறுநாள் போய்விட்டா. செத்தவீட்டை என் சமையலறை மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த தொலைபேசியில் பார்த்தேன். நடுவில் படம் அசையாமல் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பெட்டி அங்கே இல்லை.

வசந்தத்தில் மொழிபெயர்ப்பு வந்தது. "மற்றதை எடும்" என்றுதான் இருந்தது. அவருடைய அனுமதியை எடுத்தார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள் பட்டறைக்கு வந்து இரண்டு துவக்குகளையும் கொண்டுபோனார்கள். கழகத்திலிருந்தும் விலகச் சொன்னார்கள். என்னை அந்தப் பெண் அதிகாரி மறுபடி கூப்பிட்டார். துவக்கைக் கையில் எடுத்தது பிழைதான், ஆனால் நீங்கள் மறைக்கவில்லை என்றார். தாமதத்துக்கு வருந்துவதாகவும் சொன்னார். அடுத்த வருடம் எனக்குச் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. மனைவி அதைச் சாமிப் படத்தடியில் வைத்தாள். நான் திறந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு பெட்டி லட்டு. மெலிந்திருந்தார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"கேள்விப்பட்டனான், கிடைச்சிட்டுதாம்" என்றார்.

"ஓம் அண்ணை."

கோப்பையைத் தொடவில்லை.

"நான் இருந்து யோசிச்சனான். உமக்கு ஒண்டு போய் ஒண்டு வந்திருக்கு. எனக்குப் போனது மட்டும்தான்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். இந்தத் தரமும் வாயைத் திறந்தேன்.

"என்ர அக்காவுக்குப் பக்கத்தில நீங்க எதை வைக்கப்போறீங்க அண்ணை? அந்த ரெண்டு துவக்கையுமா?"

அவர் தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தார். சோபா, தொலைக்காட்சி, யன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம். கேலிக்காக அல்ல. உண்மையாகவே தேடினார். அவர் அப்படித் தேடுவது எனக்குப் பழக்கம்.

"என்ர அம்மாவை வைக்கலாம்" என்றார். "சண்டை நேரம். பாதை பூட்டு. எனக்கு இஞ்சை பேப்பர் ஒண்டும் இல்லை. நான் வருவன், வருவன் எண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்துதான் செத்தவ. எனக்கு அறிவிச்சது மூண்டு மாசத்துக்குப் பிறகு. உமக்கு அக்காவின்ர முகத்தை ஃபோனிலையாவது பாக்கக் கிடைச்சுது."

அவருடைய தாயைப் பற்றி அவர் அதற்கு முன் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவருக்காக எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. பிறகு அது அப்படியே இறுகியது.

"அப்ப, அந்த மேசையில இருக்கக்குள்ள உங்களுக்குத் தெரியும்" என்றேன். "அது என்ன மாதிரி இருக்கும் எண்டு."

"ஓம்" என்றார்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"ஓம் ஐசே. தெரியும்."

அவர் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் முதலாம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை காலடிச் சத்தம் கேட்டது. நான் லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டினேன்.